குப்பை வண்டி அணில்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது முதல்முதலாகக் காதில் விழுந்தது. வாய் நிறைய நுரை. தெருமுனையில் ஓர் அணில் பேசிக்கொண்டு வந்தது.

“அண்ணே! அக்கா! கொஞ்சம் நில்லுங்க! தெருவுல கொட்டாதீங்க, தொட்டியில போடுங்க!” என்றது. கடைசியில் ஒரு ‘கிரீச்’. மறுபடி முதலிலிருந்து, “அண்ணே! அக்கா!”

பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டே மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஓடினேன். கீழே நகராட்சியின் பேட்டரி வண்டி ஒன்று ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. அதன் தலையில் ஓர் ஒலிபெருக்கி. ஓட்டி வந்த பெண் என்னைப் பார்த்து, குப்பை இருக்கிறதா என்று கையால் கேட்டாள். நான் அந்த ஒலிபெருக்கியையே பார்த்தேன். அவள் போய்விட்டாள்.

அணில்தான் பேசியது என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த அணிலை வரைந்தவன் நானாயிற்றே. அதற்குக் குரல் கொடுத்தவள் என் மனைவி விஜயா. அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

நுரையைத் துப்பிவிட்டு வெகுநேரம் குழாயடியில் நின்றேன். குழாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கழுவி விட்ட படங்கள்

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர் ஒருவர் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தார். இவர் அந்தக் கார்ட்டூன் போட்டேன், இந்தக் கார்ட்டூன் போட்டேன் என்று வாராவாரம் அளக்கிறாரே, ஒரு படத்தையாவது பக்கத்தில் போடக்கூடாதா என்று. நியாயமான கேள்வி. கோபம்கூட வரவில்லை, பாருங்கள். என்னிடம் ஒன்றுமில்லை, அதுதான் பதில்.

நாங்கள் தாளில் வரைந்ததை ‘செல்’ என்ற கண்ணாடித்தாளில் மையால் நகலெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசிக் கேமராவுக்கு அனுப்புவோம். படம் பிடித்து முடித்ததும் அந்தக் கண்ணாடித்தாள்களைத் தொட்டியில் ஊறப்போட்டுத் துணியால் தேய்த்துக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்போம். மறுபடி அதிலேயே அடுத்த படம். அப்போது அந்தத் தாள் அவ்வளவு அருமை. காலையில் ஒரு யானையை உயிரைக் கொடுத்து வரைந்தவன், மாலையில் அதே யானையைக் கழுவி விட்டு வீட்டுக்குப் போவான்.

படச்சுருள்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டு, புளித்த வாசனை அடித்து, யாரோ ஒருநாள் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஓர் ஆள் ஆயுசு முழுக்க வரைந்ததில் இன்று கைக்கு ஒரு காகிதம் இல்லை. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் அன்று காலை அந்தக் குரல் என்னை அப்படி உலுக்கிவிட்டது. படம் போய்விட்டது. சத்தம் மட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது. ஊர்ச் சுத்தத்தைப் பற்றி எடுத்த ஒரு சின்னப் படம் அது. எந்த அலுவலகத்து அலமாரியில் எந்தக் கேசட்டில் கிடந்ததோ, யார் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களோ, எனக்குத் தெரியாது. நான் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

காற்றில் ஓடிய ஆடு

பிறந்த ஊர் என்று சொன்னேனே தவிர, இங்கே என்னைத் தெரிந்தவர் இப்போது யாருமில்லை. அப்பா டேனரியில் வேலை செய்தார். பதனிட்ட ஈரத் தோலைக் காயப்போடுவது அவர் வேலை. மூங்கில் கம்புகள் வரிசையாகக் கட்டியிருக்கும். ஆட்டுத்தோலை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி வீசுவார். அது போய்க் கம்பின் மேல் சரியாக விழும்.

பள்ளிக்கூடம் விட்டு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நான் பார்த்தது அந்த வீச்சைத்தான். கையை விட்ட தோல் கம்பில் விழுவதற்கு முன், நடுவில் ஒரு கணம் அந்தரத்தில் விரியும். நாலு காலும் நீண்டுகொள்ளும். அந்த ஒரு கணம் செத்த ஆடு மறுபடி ஓடும். விழுந்ததும் வெறும் தோல்.

அதை வரைந்து பார்க்க வேண்டும் என்று வெறி பிடித்தது. கணக்கு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்து, கட்டை விரலால் சர்ரென்று விட்டால் ஆடு ஓடியது. கணக்கு வாத்தியார் நோட்டைப் பிடுங்கினார். அடிப்பார் என்று கையை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அடித்தார்.

அந்த ஆடுதான் என்னை மெட்ராசுக்கு ஓட்டிக்கொண்டு போனது. சோப்புக்கும் பற்பொடிக்கும் கார்ட்டூன் விளம்பரம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டின் மாடி. கண்ணாடி பதித்த மேஜைகள், கண்ணாடிக்கு அடியில் எரியும் பல்பு. பல்பின் சூடு முகத்தில் அடிக்கும். மின்விசிறி உண்டு, ஆனால் போடக்கூடாது. போட்டால் அடுக்கி வைத்த தாளெல்லாம் பறந்து, எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் போய்விடும். வெயில் காலத்தில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்த்து வழிந்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

பேச்சும் கிடையாது. தலை குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வோம். தனியாக இருக்கப் பழகிக்கொடுத்த தொழில் அது. பழகிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கலவைப் பெண்

விஜயாவுக்குச் சொந்த ஊர் ஆற்காட்டுப் பக்கம் கலவை. அவள் அப்பாவுக்குக் காது மந்தம். அவருக்குப் புரிய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகியவள். பெண் பார்க்கப் போனபோது, “காபி… எடுத்துக்குங்க” என்று அவள் சொன்ன தினுசில், எனக்குத்தான் காது கேட்காது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்களோ என்று பயந்துபோனேன்.

ஊருக்கெல்லாம் இந்த நிதானம். கல்யாணமான பின் என்னிடம் மட்டும் எக்ஸ்பிரஸ் வண்டிதான். ஒரு மூச்சில் நாலு விஷயம் சொல்லி, ஐந்தாவதற்கு என் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

அணில் படம் வந்தபோது குரலுக்கு ஆள் தேடினோம். அந்த நாளில் குட்டிப் பிராணிகளுக்கான குரலை ஒரு தந்திரம் செய்து எடுப்போம். டேப்பை மெதுவாக ஓடவிட்டுப் பேச்சைப் பதிவு செய்து, அதையே இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவோம். குரல் மெலிந்து அணில் குரலாகிவிடும். ஆனால் பேச்சும் இரண்டு மடங்கு வேகமாகிவிடுமே? அதனால் பேசுகிறவர் சொல்லுக்குச் சொல் இழுத்து, நிதானமாகப் பேச வேண்டும். சாதாரணமாகப் பேசினால், ஓட்டும்போது வெறும் கீச்சுக் கீச்சுதான். ஒரு வார்த்தை புரியாது.

நாடகத்தில் நடிக்கிற ஒரு அம்மாள் வந்தார். என்ன சொல்லியும் அவருக்கு வேகம் குறையவில்லை. டேப்பை ஓட்டினால் எலிப்பொறியில் எலி மாட்டியது போலக் கேட்டது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டுடியோ முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த நேரம் பார்த்து எனக்குச் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு விஜயா மாடிப்படி ஏறி வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, “அவர்கிட்ட… இந்த டப்பாவ… குடுத்துட்றீங்களா” என்று மாஸ்டரிடம் கேட்டாள்.

மாஸ்டர் அவளை அப்படியே மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நான் வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தில் அவள்தான் உட்கார்ந்தாள்.

அணிலுக்கு வாய் வரையும் வேலை என்னுடையது. எங்கள் வழக்கப்படி மேஜையில் கண்ணாடி வைத்து, என் வாயையே பார்த்து வரைந்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, அணில் வெற்றிலை போட்டிருக்கிறதா என்று கேட்டார். பிறகு விஜயாவையே எதிரில் உட்கார வைத்து, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி வரைந்தேன். ‘அண்ணே’வுக்கு நாக்கு மேலே போகும், ‘அக்கா’வுக்கு வாய் திறந்துகொள்ளும், ‘போடுங்க’வில் உதடு குவியும். அணிலுக்கு நான் போட்டதெல்லாம் அவள் வாய். அந்தக் கடைசிக் ‘கிரீச்’சுக்கு மட்டும் வாய் வரையவில்லை. ஒலிப்பதிவுக்காரர் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட சத்தம் என்று நினைத்தேன். மாஸ்டரும் அதற்கு வாலை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன்.

இரவல் குப்பை

விஜயா குரல் என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. போட்டோக்கள் உண்டு. மகள் கல்யாண வீடியோ உண்டு. அதில் எடிட்டிங் செய்த புண்ணியவான் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டான். விஜயா வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்கிறாள். உதடு அசைகிறது. வாய் வரைந்தே காலம் தள்ளிய எனக்கு, ‘வாங்க, வாங்க’ என்கிறாள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. காதுக்குப் பாட்டுதான் வருகிறது.

மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து மாத்திரையை விசாரிப்பாள். சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு நான் இங்கே வந்ததில் அவளுக்குச் சம்மதமில்லை. அந்த வீட்டில் விஜயா இல்லாமல் சமையல்கட்டுப் பக்கம் போக எனக்கு முடியவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாடகை கம்மி என்றேன்.

இங்கே காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து தெருப் பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் தெருவில் நானும் ஒரு நாயும்தான். நாய்க்கு வேறு தெருவிலும் சகவாசம் உண்டு. மத்தியானம் மெஸ்ஸிலிருந்து பார்சல் வரும். பசித்தால் பிரிப்பேன். பல நாள் அது அப்படியே கிடந்து, மறுநாள் அந்த நாய்க்குப் போகும்.

இப்படி இருந்த எனக்கு, காலையில் எதிர்பார்க்க ஒன்று கிடைத்துவிட்டது. அணில் வண்டி.

ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க ஒரு முகாந்திரம் வேண்டாமா? ஒண்டி ஆள், அடுப்பு மூட்டாத வீடு. என்ன குப்பை சேரும்? நகராட்சி கொடுத்த பச்சை வாளி வாங்கிய நாளில் இருந்த பளபளப்போடு இருந்தது. கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் ரஹ்மத்துல்லா பாய் குடும்பம். தோல் கெமிக்கல் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். அவர் வீட்டில் தினமும் விருந்து மாதிரிதான் சமையல். ஒருநாள் நானே போய், படி இறங்கும்போது உங்கள் வீட்டு வாளியையும் எடுத்துப்போகிறேன் என்றேன். பாய் பதறிவிட்டார். பெரிய மனுஷன் குப்பை வாளி தூக்குவதாவது என்று. எனக்கும் நடந்த மாதிரி இருக்கும் என்று சமாளித்தேன்.

அதிலிருந்து தினமும் இரண்டு கையிலும் வாளியோடு தெருவில் நிற்பேன். வண்டி ஓட்டும் பெண்ணின் பெயர் செல்வி. குப்பையைக் கொட்டிவிட்டு வாளியைத் தட்டுவேன். தட்டிய வாளியை மறுபடி தட்டுவேன். அதற்குள் அணில் இரண்டு முறை பேசிவிடும். நான் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, ‘அண்ணே’வில் மேலே போகும் அந்த நாக்கை நினைத்துக்கொண்டிருப்பேன். தெருப் பிள்ளைகள் அந்தக் ‘கிரீச்’சை அப்படியே செய்துகாட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடும். எனக்கு அதில் ஒரு பெருமை, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

செல்வி சும்மா இருக்கிறவள் இல்லை. ஒருநாள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இன்னா சார், நீங்க ஒண்டி ஆளு. ஆட்டெலும்பு, வாழப்பூ மடலு, இவ்ளோ வெங்காயத் தோலு… அல்லாத்தையும் நீங்களேவா சாப்புட்றீங்க?”

விருந்தாளிகள் வந்திருந்தார்கள் என்றேன். தினமுமா என்று கேட்டாள். தினமும்தான் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

புதுப் பாட்டு

ஒரு திங்கட்கிழமை தெருமுனையில் அணிலுக்குப் பதில் தவுல் கேட்டது. அதோடு ஒரு பாட்டு. ‘நம்ம ஊரு, சுத்த ஊரு’ என்று யாரோ தொண்டை கிழியப் பாடினார்கள். வேறு வண்டி போலிருக்கிறது என்று நின்றேன். செல்விதான் வந்தாள்.

அணில் எங்கே என்று கேட்டேன். ஆபீசில் எல்லா வண்டிக்கும் புதுப் பாட்டு கொடுத்துவிட்டார்களாம். பழைய பென் டிரைவை சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டு, அதன் மேலேயே புதுப் பாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டாராம். பழசு அழிந்துபோயிற்று. இது ஜோராக இருக்கிறது, ஜனங்களுக்குத் தூரத்திலேயே கேட்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

நான் வாளியைக் கொட்டவில்லை. கொட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. கண்ணாடித்தாளைக் கழுவுகிற தொட்டி நினைவுக்கு வந்தது. ஈரத்துணியை ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். இத்தனை நாள் கேட்டேனே, ஒரு நாளாவது செல்வியிடம் அதை ஒரு நகல் எடுத்துக் கொடம்மா என்று கேட்டேனா? காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கூச்சம். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

“சார், கொட்டுங்க சார். டைம் ஆவுது.”

“அது என் பொண்டாட்டி குரல்மா” என்றேன்.

செல்விக்குப் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு என்ன என்றாள். மறுபடி சொன்னேன். அந்த அணில், அதில் பேசுவது என் மனைவி, அவள் இப்போது இல்லை, எனக்கு வேறு எதிலும் அவள் குரல் இல்லை. தெரு நடுவில் இரண்டு குப்பை வாளியோடு நின்று இதை நான் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

செல்வி வண்டியிலிருந்து இறங்கி வந்து என் கையிலிருந்த வாளிகளை வாங்கி, தானே கொட்டினாள். வழக்கமாக அவள் அப்படிச் செய்வதில்லை.

“மின்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல சார்” என்றாள். அவ்வளவுதான். பாட்டைப் போடாமலே அடுத்த தெரு வரைக்கும் போனாள்.

இரண்டு மூன்று நாள் ஒரு சேதியும் இல்லை. நானும் கேட்கவில்லை. வாளியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பிறகு ஒரு காலை, என் போன் நம்பரைக் கேட்டாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஒரு வண்டி ரிப்பேராகி ஷெட்டில் நின்றிருந்ததாம். அதன் பென் டிரைவில் மட்டும் இன்னும் பாட்டு மாற்றவில்லையாம். அந்த வண்டிக்காரியிடம் சொல்லி, தன் போனில் ஏற்றி வந்திருந்தாள். அங்கேயே நின்று எனக்கு அனுப்பினாள். போன் டிங் என்றது.

பாயின் பயான்

ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் கேட்டேன்.

“அண்ணே! அக்கா! கொஞ்சம் நில்லுங்க!”

அணில்தான் பேசியது. தெருவில் தினமும் என்னை நிற்கவைத்த குரல், நாலு சுவருக்குள் வெறும் அணிலாகிவிட்டது. நாலைந்து முறை போட்டேன். கண்ணை மூடிப் பார்த்தேன். வால்தான் தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு பிராணியின் சத்தத்தையா வாங்கி வைத்திருக்கிறேன் என்று துக்கமாக இருந்தது. விஜயா இதற்குள்தான் இருக்கிறாள். எனக்குத்தான் எட்டவில்லை.

மத்தியானம் மெஸ் பார்சல் வந்தது. வாங்கி மேஜையில் வைத்தேன். பிரிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. வேகமாக ஓட்டித்தானே அவளை அணிலாக்கினோம்? மெதுவாக ஓட்டினால்? டேப் மெஷினாக இருந்தால் நானே செய்துவிடுவேன். போனில் அதற்கு எங்கே போவது?

கீழே போனேன். பாய் சாய்வு நாற்காலியில், போனில் பயான், அதாவது மார்க்கப் பிரசங்கம், கேட்டுக்கொண்டிருந்தார். மௌல்வி ஒருவர் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார். எப்படிப்பட்ட வேகம்! மனுஷர் மூச்சே விடவில்லை. இவ்வளவு வேகமாகப் பேசினால் உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டேன்.

பாய் சிரித்தார். மௌல்வி சாகிப் ரொம்ப இழுப்பாராம், கேட்கக் கேட்கத் தூக்கம் வந்து ஒரே பேஜாராம். அதனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பாராம். அவர் மகன் போனில் ஏற்றிக் கொடுத்த வித்தை. கூட்டவும் செய்யலாம், கம்மி பண்ணவும் செய்யலாம்.

கம்மி பண்ணலாமா என்று கேட்டபோது என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. குரலும் அதோடு தடித்து இறங்குமா என்றேன். அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறதாம். என் போனிலிருந்து அவர் போனுக்கு அனுப்பினேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதேதோ அழுத்தி, சரிபாதி வேகத்துக்கு இறக்கினார்.

“அண்… ணே. அக்… கா. கொஞ்சம்… நில்லுங்க.”

விஜயா. காது மந்தமான அப்பாவிடம் பேசுகிற விஜயா. காபி எடுத்துக்குங்க என்ற விஜயா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தெருவுல… கொட்டாதீங்க. தொட்டியில… போடுங்க.”

அடுத்து அந்தக் ‘கிரீச்’ வர வேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் விஜயா, மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்னிடம் மட்டும் பேசுகிற அந்த எக்ஸ்பிரஸ் வேகத்தில் கேட்டாள்:

“ஏங்க, சாப்ட்டீங்களா இல்லியா? டப்பா அப்டியே கீது.”

எனக்குப் புரிந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறாள். டேப் இன்னும் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் பிரிக்காத டப்பாவோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். எனக்குக் கேட்டிருக்காது. நான் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவள் இழுக்காமல் தன் வழக்கமான வேகத்தில் பேசியதால், டேப்பை ஓட்டும்போது அது மட்டும் கீச்சாகிவிட்டது. ஒலிப்பதிவுக்காரருக்கு அது பிடித்துப்போய் விட்டுவைத்திருக்க வேண்டும். வாய் வரைந்திருக்க வேண்டிய இடத்தில் நான் வாலை வரைந்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வண்டிக்குப் பின்னால் ஓடி ஓடி என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

பாய் என் முகத்தைப் பார்த்தார்.

“பாபியா?” என்றார் மெதுவாக. அவர் பாஷையில் அண்ணி.

தலையசைத்தேன். அவர் அந்தக் கடைசி இடத்தை மட்டும் மறுபடி போட்டார். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட நின்றிருந்தது.

“கேக்கறாங்க இல்ல சார்” என்றார் பாய். “பதில் சொல்லுங்க.”

மாடியில் மேஜை மேல் பார்சல் அப்படியே கிடந்தது. பெரிய மனுஷன் என்று பார்க்காமல் அழுதேன். பாய் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். சாப்பிட்டுப் போகச் சொல்லி எவ்வளவோ வற்புறுத்தினார். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். எனக்கு வேறு வேலை இருந்தது.

கடைத்தெருவுக்குப் போய் அரிசி, பருப்பு, பீன்ஸ், வெங்காயம் வாங்கினேன். வாங்கியதைச் சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு கத்தியை எடுத்தேன். பீன்ஸ் நார் உரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சாதம் குழைந்தது, பொரியலில் உப்பு ஜாஸ்தி. விஜயா இருந்திருந்தால் வாயில் வைத்திருக்க மாட்டாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை தவுலும் பாட்டுமாக வண்டி வந்தது. இரண்டு வாளியையும் கொண்டுபோனேன். செல்வி முதலில் பாய் வீட்டு வாளியைக் கொட்டினாள். அடுத்து என் பச்சை வாளியை வாங்கி எட்டிப் பார்த்தாள். பீன்ஸ் நாரும் வெங்காயத் தோலும் அடியில் கொஞ்சம் கிடந்தன.

“இன்னா சார், இது யாரு வூட்டுது?”

“என் வீட்டுதுதாம்மா” என்றேன்.